பூமலையின் புலி ஆர்க்கிட்

தமிழர் நாவில் 'பூமலை' என வழங்கிய சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம் 1859ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஈராண்டு கழித்து, 1861இல் அங்கு நடப்பெற்ற ஓர் ஆர்க்கிட் இன்றும் உயிரோடு விளங்குகின்றது. அதன் குறுக்களவு 5 மீட்டருக்கு மேல். பிற்காலத்தில் அத்தோட்டத்தை நடத்திய ரிட்லியும் ஹோல்ட்டமும் மறைந்தனர், செடி மறையவில்லை.

இதுவே புலி ஆர்க்கிட். 1825இல் புளூம் என்னும் அறிஞர் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். மஞ்சள் இதழில் பழுப்புப் புள்ளிகள் உண்டு. புள்ளி சிறுத்தைக்கன்றோ உரியது என்று மாணவர் வினவினால் அவ்வினா தவறன்று! பூங்கதிர் ஆளுயரத்தையும் கடந்து நிமிரும். கதிரின் அடியிலுள்ள சில பூக்களுக்கு 'உதடு' என்னும் இதழே இல்லை; மணம் பரப்பி வண்டினங்களை அழைப்பதே அவற்றின் பணி என அறிஞர் கருதுவர்.

இச்செடி மரத்தின்மேல் வாழ்வது; ஆயின் மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி அன்று. எனவே மரம் வீழ்ந்தால் இதுவும் வீழும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காசுக்கட்டித் தோட்டங்களுக்காகக் காடு அழிந்தது. தோட்டம் போட ஒரு பங்கு. இலையைக் காய்ச்சும் அடுப்புக்கு விறகாக மற்றொரு பங்கு. எஞ்சியவற்றைச் செடி திரட்டுவோர் கொண்டு சென்றனர். சிங்கப்பூர்க் காட்டில் புலி ஆர்க்கிட் அற்றுப்போயிற்று.

மீட்பது எளிதன்று. ஆர்க்கிட் விதை தூசியை ஒத்தது. முளைக்கு வேண்டிய உணவு அதனுள் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சணமே அதற்கு உணவூட்டும். 1922இல் அமெரிக்க அறிஞர் நட்சன், சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த கூழில் பூஞ்சணமின்றியே விதையை முளைக்கச் செய்தார். ஹோல்ட்டம் 1928 அளவில் அம்முறையைச் சிங்கப்பூரில் கையாண்டார். அவர் நாடியது அழகிய கலப்பினங்களை. மலர் வணிகம் அதனால் வளர்ந்தது. அதே குடுவை முறை பிற்காலத்தில் காட்டினத்துக்கும் உயிர் கொடுத்தது.

1995இல் நாட்டு ஆர்க்கிட்டுகளைக் காக்கும் திட்டம் தொடங்கிற்று. குடுவையில் வளர்ந்த புலி ஆர்க்கிட் நாற்றுகள் 1999 முதல் பூங்காக்களிலும் சாலையோர மரக்கவைகளிலும் அமர்த்தப்பட்டன. அவை பூக்கப் பல ஆண்டுகள் வேண்டும். பூத்தபின்னும் வண்டு வரவேண்டும், காய் முற்றவேண்டும், விதை தனக்குரிய பூஞ்சணத்தை மரப்பட்டையில் காணவேண்டும். அதுவரை இதனை நடவு என்பதே பொருந்தும். மீட்பு என்பது மிகை. சாலையோரத்து மழைமரமோ தென்னமெரிக்காவினின்று வந்தது. மண்ணின் மூத்த குடி, வந்தேறிய மரத்தின் தோளில் குடியிருக்கின்றது.