டெல்டாவில் டிராக்டர் கொட்டகையும் சிறு பட்டறையும்: வீட்டை விட்டுத் தள்ளி, வெள்ள மட்டத்துக்கு மேல் அமைப்பது எப்படி?

நடவு மும்முரமாக நடக்கும் நேரத்தில் ஒரு போல்ட் உடைந்தாலும் டிராக்டர் வயலிலேயே நின்றுவிடும். மெக்கானிக் வரும்வரை ஆட்கள் வரப்பில் காத்திருக்க வேண்டும். சிறு பழுதுகளை நாமே பார்த்துக்கொள்ள வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகையும் பட்டறையும் இருந்தால் அந்த நாள் வீணாகாது. ஆனால், வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என ஆறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் பகுதியில் மண்ணும் மழையும் காற்றும் வேறு மாதிரி. மேட்டுப்பாங்கான ஊரில் போடும் கொட்டகையை இங்கே அப்படியே போட்டால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தாங்காது.

எப்போது தொடங்கலாம்?

சம்பா அறுவடை முடிந்து மண் காய்ந்த பிறகு, மாசி, பங்குனியில் தொடங்குவது நல்லது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்பு வேலை முடிந்துவிட்டால், குறுவை உழவுக்கு இயந்திரங்களைப் பழுது பார்த்துத் தயாராக வைக்கலாம். கட்டுமானம் தொடங்கும் முன் ஊராட்சி அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். மின்கம்பிக்குக் கீழே கொட்டகை போடக் கூடாது.

இடம் தேர்வு

• வீட்டுச் சுவரோடு ஒட்டிச் சாய்ப்பு இறக்க வேண்டாம். டீசல், பெட்ரோல், பேட்டரி, வெல்டிங் ஆகியவை இருக்கும் இடம் வீட்டிலிருந்து 15 முதல் 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

• வைக்கோல் போரிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். வெல்டிங், கிரைண்டர் பொறி 30 அடிக்கு மேலும் தெறிக்கும். வைக்கோலில் விழுந்த பொறி உடனே தெரியாமல் உள்ளே கனன்று, பிறகு எரியும்.

• வாசல் தெற்கு பார்த்து இருந்தால் வடகிழக்குப் பருவமழையின் சாரல் உள்ளே அடிக்காது.

தரை மட்டம்

பழைய சுவர்களில் வெள்ளம் நின்ற கறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள். அதற்கு ஒரு அடி மேலே கொட்டகையின் தரை இருக்க வேண்டும்.

டெல்டாவின் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் நேரடியாகக் கான்கிரீட் போட்டால் இரண்டு கோடைக்குள் தரை விரிசல் விடும். மேல் களிமண்ணை எடுத்துவிட்டு, கிராவலை 6 அங்குலம் 6 அங்குலமாகக் கொட்டி, நீர் தெளித்து, ஒவ்வொரு முறையும் திமிசு போட்டு இறுக்க வேண்டும். அதன் மேல் கம்பி வலை வைத்து 5 அங்குலக் கான்கிரீட் போடுங்கள். தூண்களின் அடிப்பகுதிகளை ஒரு பிளிந்த் பீமால் இணைத்துவிட்டால் ஒரு தூண் மட்டும் தனியாக இறங்காது.

கழுவும் தண்ணீர் வாசல் பக்கம் ஓட 10 அடிக்கு 1 அங்குலம் சரிவு போதும். வண்டி ஏறும் சாய்தளத்துக்கு ஒரு அடி உயரத்துக்கு 8 அடி நீளம் கணக்கு. தரை ஒன்றரை அடி உயரம் என்றால் சாய்தளம் 12 அடி வரும். இதைவிடச் செங்குத்தாக இருந்தால் ரோட்டவேட்டர் தரையில் இடிக்கும்.

அளவு

டிராக்டரும் ரோட்டவேட்டரும் சேர்ந்து நிற்க 20 அடி நீளம், 12 அடி அகலம் தேவை. அதன் பக்கத்தில் 10 அடி அகலம் பட்டறைக்கு ஒதுக்கினால், மொத்தம் 20-க்கு 22 அடி போதும். வாசல் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் இருக்கட்டும். கேஜ் வீலை வெளியே சுவரோரம் சாத்தி வைத்தால் உள்ளே இடம் மிச்சமாகும்.

கூரை

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. டெல்டாவில் தென்னை சாய்ந்தது போலவே தகரக் கூரைகளும் பறந்தன. புயல் காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட, உள்ளே புகுந்து மேலே தூக்குவதுதான் அதிகம். ஆகவே:

• ஒரு பக்கம் முழுக்கத் திறந்த கொட்டகை வேண்டாம். உறுதியான கதவு போட்டு, புயல் எச்சரிக்கை வந்ததும் மூடிவிடுங்கள்.

• தகடு வெளியே நீட்டும் அளவு ஒன்றரை அடியைத் தாண்ட வேண்டாம்.

• ஓரங்களிலும் முகட்டிலும் போல்ட்டுகளை நெருக்கமாகப் போடுங்கள். வாஷர் இல்லாமல் போட்டால் தகடு கிழிந்து போல்ட் மட்டும் மிஞ்சும்.

• தூண், அடித்தளக் கான்கிரீட்டுக்குள் இறங்கி நிற்க வேண்டும். தரையின் மேல் வைத்த தூண் கூரையோடு கிளம்பிவிடும்.

மின்சாரம்

இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து பட்டறைக்கு வயர் இழுக்கக் கூடாது. அது அனுமதி இல்லாத பயன்பாடு, அபராதம் வரும். வெல்டிங் மெஷின் வைப்பதாக இருந்தால், மின்வாரிய அலுவலகத்தில் இணைப்பு வகையையும் லோடையும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஈரத்தரையில் நின்று கிரைண்டர் பிடிப்பவரின் உயிர் எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் நம்பித்தான் இருக்கிறது. கொட்டகைக்குத் தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., தனி எர்த் குழி மூன்றும் அவசியம். பிளக்குகளைத் தரையிலிருந்து 4 அடிக்கு மேல் வையுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நிற்கவில்லை என்றால் அதை மாற்ற வேண்டும்.

முதலில் வாங்க வேண்டியவை

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டியதில்லை. இடுப்பு உயரத்தில் ஒரு கனமான மேசை, அதில் 5 அங்குல வைஸ், ரிங் மற்றும் பாக்ஸ் ஸ்பேனர் செட், சுத்தியல், ஹேக்ஸா, கிரீஸ் கன், ஹைட்ராலிக் ஜாக், மல்டிமீட்டர், பேட்டரி சார்ஜர் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். அடுத்ததாக 4 அங்குல கிரைண்டரும் காற்றடிக்கும் பம்ப்பும் வாங்கலாம். கண்ணாடி, கையுறை இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். டீசல் பம்ப், கியர் பாக்ஸ் வேலைகளை மெக்கானிக்கிடமே விடுங்கள்.

மறக்கக் கூடாத ஐந்து

1. ரோட்டவேட்டரை ஹைட்ராலிக்கில் மட்டும் தூக்கி வைத்து அடியில் போகாதீர்கள். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, கனமான கட்டைகள் முட்டுக் கொடுத்த பிறகே கை வையுங்கள்.

2. கதவை மூடிக்கொண்டு இன்ஜினை ஓட விடக் கூடாது. புகை ஆளை மயக்கிக் கொல்லும்.

3. பூச்சிமருந்துக்குத் தனி அலமாரியும் பூட்டும் வேண்டும். விதை, தீவனம், குடிநீர்ப் பாட்டில் எதையும் அதோடு வைக்காதீர்கள்.

4. வாசலருகே இரண்டு வாளி மணலும் ஒரு தீயணைப்பானும் எப்போதும் இருக்கட்டும். டீசல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

5. அறுவடைக்குப் பிறகு எலிகள் கொட்டகைக்கு வரும். ஓட்டைகளை அடைத்து, பல நாள் நின்ற டிராக்டரை எடுக்கும் முன் வயர்களைப் பாருங்கள். நிறுத்தி வைக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றி, டீசல் டேங்கை நிரப்பி, ரோட்டவேட்டர் கத்திகளில் எண்ணெய் தடவி வையுங்கள்.

மானியம்

வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத் திட்டத்தில் தனி விவசாயிக்குக் கிடைக்கும் மானியம் இயந்திரத்துக்கு உரியது, கொட்டகைக்கு அல்ல. குழுவாகச் சேர்ந்து வாடகை இயந்திர மையம் வைப்பவர்கள், 2020-ல் தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 3 சதவீத வட்டிச் சலுகையுடன் கடன் பெற விண்ணப்பிக்கலாம். இயந்திர மானிய விவரங்களை உழவன் செயலியிலும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கையில் பணம் குறைவாக இருந்தால் சுவர்ப் பூச்சையும் பெயிண்டையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள். தரை உயரம், கூரைப் பிடிப்பு, எர்த் ஆகிய மூன்றையும் முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள்.