ரோபோ இடையில் நின்றால் முதலில் பற்றரியைப் பாருங்கள்

பாடசாலை ரோபோ அணியொன்றுக்கு ஓய்வு நேரத்தில் உதவி வருகிறேன். போட்டியொன்றுக்கு முதல்நாள் மாலை, கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் எங்கள் ரோபோ வளைவுக்கு வளைவு நின்று, சில விநாடிகளில் மீண்டும் புறப்பட்டது. எல்லோரும் செய்நிரல் எழுதிய மாணவியையே குறை சொன்னார்கள், நானும்தான். அவர் இரவு 11 மணிவரை அதைத் திருத்திக்கொண்டிருந்தார். கோளாறு 9 வோல்ற் சதுரப் பற்றரியில் இருந்தது. அன்று நான் முதலில் செய்திருக்க வேண்டிய சோதனைகள் இவை.

செய்நிரலா, மின்வழங்கலா?

ஆர்டுயினோ ஊனோவின் 13ஆம் முனையில் சிறு விளக்கொன்று இணைந்திருக்கிறது. செய்நிரலின் தொடக்கத்தில் அதை மூன்று முறை மின்ன வையுங்கள். ஓட்டத்தின் நடுவில் அது அவ்வாறு மின்னினால், பலகை அணைந்து மீளத் தொடங்கியிருக்கிறது. உடனே மின்வழங்கலைச் சந்தேகியுங்கள்.

சுமையோடு அளந்து பாருங்கள்

சும்மா இருக்கும்போது அளந்தால் பற்றரி 9 வோல்ற் காட்டும். அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன். மோட்டர் புறப்படும் கணத்திலும், தடைப்பட்டு நிற்கும்போதும் வழமையைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பற்றரியின் அகத்தடை 1.5 ஓம் என்றால், 2 அம்பியர் இழுக்கும்போது 3 வோல்ற் உள்ளேயே போய்விடும். மிஞ்சுவது 6. ஊனோவின் மின் உள்ளீட்டுக்குப் பரிந்துரைக்கப்படுவதோ 7 முதல் 12 வோல்ற்.

ஆகவே, மோட்டரை இயக்கி, சக்கரத்தை ஓரிரு விநாடி மட்டும் கையால் பிடித்துக்கொண்டு அளவுங்கள். அதற்குமேல் பிடித்தால் மோட்டர் சூடாகும். முதலில் பற்றரி முனைகள், பிறகு ஆளிக்கு அடுத்த பக்கம், கடைசியாகப் பலகையின் 5 வோல்ற் முனை. வோல்ற்றளவு எங்கே விழுகிறதோ அங்கேதான் பிழை. மூடிய ஆளியின் இரு முனைகளுக்கிடையே ஏறக்குறைய பூச்சியம் வர வேண்டும். கூடுதலாக வந்தால் ஆளியை மாற்றுங்கள். தளர்ந்த இணைப்புகளும் மெல்லிய வயர்களும் இதே தொல்லையைத் தரும்.

திருத்தும் வழிகள்

- மோட்டருக்கும் பலகைக்கும் தனித்தனிப் பற்றரி வைக்கலாம். ஆனால் இரண்டின் மறை முனைகளையும் இணைக்க மறக்காதீர்கள்.
- மோட்டர் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோபரட் கொள்ளளவியும், 5 வோல்ற் வழியில் 470 மைக்ரோபரட் கொள்ளளவியும் போடுங்கள். பின்னதன் நேர், மறை முனைகளை மாற்றிப் பொருத்தினால் அது வெடிக்கலாம்.
- எல்298என் மோட்டர் இயக்கி 1 அம்பியரில் சுமார் 2 முதல் 3 வோல்ற்றை விழுங்கும். மோட்டர் சோர்ந்து ஓடினால் அதையும் கணக்கில் எடுங்கள்.
- 18650 லிதியம் கலங்கள் இரண்டைத் தொடராக இணைத்தால், முழு மின்னேற்றத்தில் 8.4 வோல்ற் கிடைக்கும். 7 வோல்ற்றுக்கு இறங்கும்போதே மாற்றுங்கள். உருகியும் பொருத்துங்கள். வீங்கிய அல்லது உறை கிழிந்த கலம் வேண்டாம்.

மறுநாள் காலை அத்தகைய இரு கலங்களைப் பொருத்தினோம். முந்தைய நாள் மாலை இருந்த அதே செய்நிரலுடன் ரோபோ எல்லா வளைவுகளையும் கடந்தது. போட்டி தொடங்குமுன் அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எங்கள் அணியில் ஒரு விதி உண்டு: மல்ரிமீற்றரால் அளக்கும்வரை எவரையும் குறை சொல்லக் கூடாது.