கிளியரோ பிள்ளையள்?



பாடம் முடிய நான் வழமையாகக் கேட்பது, "கிளியரோ பிள்ளையள்?" என்றுதான். "கிளியர் சேர்!" என்று முழு வகுப்பும் சொல்லும். போன கிழமை ஒரு பிள்ளையிடம், "அப்ப விளங்கினதைச் சொல்லு பாப்பம்" என்றேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. பிழை என்னுடையது.

'கிளியர்' லத்தீன் மொழியில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஒளியுள்ளது, துலக்கமானது என்பது பழைய பொருள். எங்கள் வாயில் அது வேறு வேலை செய்கிறது. றோட்டு கிளியர் என்றால் தடை இல்லை. கணக்கு கிளியர் என்றால் கடன் இல்லை. ரிப்போர்ட் கிளியர் என்றால் வருத்தம் இல்லை. ஒன்று இல்லை என்பதற்கு அது நல்ல சொல். 'விளங்குதோ?' என்ற கேள்வி அப்படியல்ல. மனதில் ஏதாவது வெளிச்சமாக இருந்தால்தான் அதற்கு 'ஓம்' சொல்லலாம்.

இந்த வித்தியாசத்தைத் தன் தொழிலிலேயே காட்டியவர் ஒருவர் இணுவிலுக்குப் பக்கத்து ஊரான மானிப்பாயில் இருந்தார். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், முதலில் ஆங்கிலத்தில்தான் மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். படித்தவர்களில் பலர் அரசாங்க உத்தியோகம் தேடிப் போனார்கள். ஊர்ச் சனத்துக்கு அவர்கள் சொற்களில் வருத்தத்தை விளக்க ஆள் வேண்டும் என்று, 1864இல் தமிழிலேயே வகுப்புத் தொடங்கினார். அதற்காகத் தமிழ் மாணவர்களோடு சேர்ந்து மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தார். 'இரணவைத்தியம்' அவற்றில் ஒன்று.

அவர் ஆங்கிலச் சொல்லை வெறுத்தவர் அல்லர். இரசாயன நூலுக்கு 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். சொல் எந்த மொழி என்பதைவிட, கேட்பவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே அவருக்கு முக்கியம்.

இன்றைக்கும் எங்கள் தாய்மார் ஆஸ்பத்திரியில் அரைகுறையாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வெளியில் வந்து, "டொக்டர் என்ன சொன்னவர்?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார்கள். குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்னமா பின்னமா எடுப்பது என்பது சின்ன விசயம் இல்லை.

கலங்கின கிணற்றுத் தண்ணியை விட்டுவைத்தால்தான் மண்டி அடியில் தங்கும். தெளிவுக்கும் அந்தப் பொறுமை வேண்டும். 'கிளியர்' இருக்கட்டும். அதோடு நிற்காமல், "எனக்குத் திருப்பிச் சொல்லுங்கோ" என்று ஒருக்கால் கேட்போம். நான் வகுப்பில் தொடங்கிவிட்டேன்.