மின்ஸ்க் வந்த வழி

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, பகடை உருட்டி, வாய்மொழியாகவே ஒரு கதையை வாரக்கணக்கில் வளர்த்துச் செல்வது மேசைக் கதைவிளையாட்டு. அங்கே கணினி விளையாட்டின் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவது கற்பனை வறட்சியின் அடையாளம் என்று கருதுவோர் உண்டு. விடுதியின் மூலையில் ‘விட்சர்’ கெரால்ட் மது அருந்திக்கொண்டிருக்கிறான் என்று ஆட்டத்தை நடத்துபவர் சொன்னதும் சிலர் முகம் சுளிப்பர். கெரால்ட்டே போலந்துக் கதைகளிலிருந்து கணினிக்குக் கடன் போனவன் என்பதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. இவ்விளையாட்டின் ஐம்பதாண்டு வரலாறோ அவர்கள் பக்கம் நிற்கவில்லை.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வெளிவந்தது. அதன் தொடக்கப் பதிப்பில் டோல்கீனின் ஹாபிட்டுகள் அதே பெயரோடு உலவினர். உரிமையாளர் தரப்பு 1977-இல் எதிர்ப்புத் தெரிவித்ததும் ஹாபிட் ‘ஹாஃப்லிங்’ ஆயிற்று; நடக்கும் மரமாகிய எண்ட் ‘ட்ரீயன்ட்’ ஆயிற்று. ஹாங்காங்கிலிருந்து வந்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துக் கைகாக்ஸ் படைத்தவையே ஆந்தைக்கரடியும், இரும்பைத் துருவாக்கித் தின்னும் விலங்கும். பெயரற்ற பொம்மைக்கு வழக்குத் தொடுக்க ஆளில்லை. பெயருள்ள ஹாபிட்டுக்கு ஆளிருந்தது. எனினும் திருத்தப்பட்டது அச்சுநூல் மட்டுமே. வீட்டு மேசைகளில் விரும்பியவர் ஹாபிட் என்றே சொல்லிக்கொள்ளத் தடையேதும் இருக்கவில்லை.

இந்தக் கடன் வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கவன் மின்ஸ்க். மொட்டைத்தலை, முகத்தில் பச்சைக்குத்து, எல்லையற்ற வீரம், குறைந்த அறிவு. சட்டைக்குள் ‘பூ’ என்னும் சிறிய ஹாம்ஸ்டர் எலி. அது விண்வெளியிலிருந்து வந்த இராட்சத இனத்தின் குட்டை வகை என்று அடித்துச் சொல்வான். 1998-இல் கனடாவின் பயோவேர் நிறுவனம் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட்’ கணினி விளையாட்டால் உலகறிந்தவன் ஆனான். ஆனால் அவன் பிறந்த இடம் கணினியன்று. அவ்விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஓலன், அதற்கு முன்பே நண்பர்களுக்கு மேசை ஆட்டம் நடத்திவந்தவர். அந்த மேசையில் கேமரன் டோஃபர் என்னும் நண்பர் ஆடிய பாத்திரமே மின்ஸ்க். லூக்கஸ் கிறிஸ்ட்ஜான்சன் அதற்கு உரையாடல் எழுதினார். ஜிம் கம்மிங்ஸ் குரல் கொடுத்தார். விண்வெளி ஹாம்ஸ்டரும் மேசையின் சரக்கே. 1989-இல் வந்த ‘ஸ்பெல்ஜாமர்’ என்னும் மேசை விளையாட்டு உலகில் விண்கப்பல்களை இயக்கச் சக்கரத்தில் ஓடும் இராட்சத ஹாம்ஸ்டர்கள் ஒரு நகைச்சுவையாக இடம்பெற்றிருந்தன.

மேசையிலிருந்து கணினிக்குச் சென்றவன் மேசைக்குத் திரும்புவது எளிதாக இல்லை. 2008-இல் வந்த நான்காம் பதிப்பு அக்கற்பனை உலகின் காலத்தை ஏறத்தாழ நூறாண்டு முன்னே தள்ளிவிட்டது. கணக்குப்படி மின்ஸ்க் என்றோ இறந்திருக்க வேண்டும். 2014-இல் ஜிம் ஸப் எழுதிய சித்திரக்கதை அவனைக் கற்சிலையாக நிறுத்தி, மந்திரத்தால் உயிர்ப்பித்துக் கொடுத்தது. வேண்டிய ஒருவனை வரவழைக்க வழி கண்டுபிடிப்பதில், வீட்டில் ஆட்டம் நடத்துபவருக்கும் பதிப்பகத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை போலும்! 2019-இல் ஓலனே ‘ஹீரோஸ் ஆஃப் பால்டர்ஸ் கேட்’ என்னும் மேசை ஆட்ட நூலை எழுதி, தம் மேசையிலிருந்து புறப்பட்டவர்களை எல்லா மேசைகளுக்கும் திருப்பியளித்தார்.

திரும்பி வரும்போது எது வருகிறது என்பதே கேள்வி. கணினிக்குள் மின்ஸ்க்கின் பேச்சுக்கு எல்லை உண்டு. எழுதிப் பதிவு செய்தவற்றுக்கு அப்பால் ஒரு சொல்லும் அவனால் பேச இயலாது. மேசையிலோ, ‘உன் ஊரில் அரிசி என்ன விலை?’ என்று ஒருவர் கேட்டுவிட்டால் அந்தக் கணமே விடை வேண்டும். மனப்பாடமான வசனங்களை ஒப்பித்தால் இரண்டாம் வாரமே அவன் சலித்துப்போவான். எதையும் அறப்போராகக் காண்பது, ஐயம் வந்தால் எலியிடம் ஆலோசனை கேட்பது என்னும் பேச்சுப்பாங்கே கடன் வாங்கத்தக்கது. அரிசி விலையைப் பூவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பவன் மின்ஸ்க்தான், அவ்வசனத்தை எவரும் முன்பு எழுதியிராவிட்டாலும். வடசொற்களைத் தற்சமம், தற்பவம் எனப் பகுத்த நம் இலக்கணமரபு இங்கு நினைவுக்கு வருகிறது. பங்கஜம் பங்கயமாகித் தமிழில் அமர்ந்தது. மேசையில் அமரும் பாத்திரமும் தற்பவமே.

உரிமம் பெற்று வெளிவந்த நூல்கள் பலவும் இந்த இடத்தில்தான் தடுமாறின. 1994-இல் ஒயிட் வுல்ஃப் பதிப்பகம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ கணினிச் சண்டை விளையாட்டை மேசைக்குக் கொண்டுவந்தது. ‘டயாப்ளோ’, ‘வார்கிராஃப்ட்’ நூல்களும் பின்னர் வந்தன. அடியின் வலிமையை எண்ணாக்கித் தர அவற்றால் முடிந்தது. பேச்சுப்பாங்கை எந்த அட்டவணையும் தருவதில்லை.

மற்றோர் இடர், வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிடுவது. புகழ்பெற்றவன் நுழைந்ததும் ஆடுவோரின் சொந்தப் பாத்திரங்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகச் சுருங்குகின்றன. ‘பால்டர்ஸ் கேட்’ விளையாட்டிலேயே இதற்கு வேடிக்கையான சான்று உண்டு. ஆர்.ஏ. சால்வடோர் நாவல்களின் நாயகன் டிரிஸ்ட் அதில் ஓரிடத்தில் எதிர்ப்படுவான். வணங்கி விலகிச் செல்வதை விட்டு, ஆடியோர் பலர் அவனைக் கொன்று அவனுடைய வாள்களைப் பறித்துக்கொண்டனர். யாரோ போற்றும் நாயகன், ஆடுபவனுக்கு நல்ல வாள் வைத்திருக்கும் ஓர் ஆள்; அவ்வளவே. மின்ஸ்க்குக்கு இந்தக் கதி நேராததற்கு அவன் எப்போதும் பக்கத் துணையாகவே நின்றதும் ஒரு காரணம் எனலாம்.

2022-இல் ‘ஸ்பெல்ஜாமர்’ புதுப்பிக்கப்பட்டபோது அதன் விலங்கு நூல் பூவின் பெயரைத் தாங்கி வந்தது. 1989-இன் நகைச்சுவை, கணினியில் பெற்ற பெயரோடு மீண்டும் மேசை நூலாயிற்று. 2023-இல் வெளிவந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டில் மின்ஸ்க்குக்குக் குரல் கொடுத்தவர் மாத்யூ மெர்சர். நண்பர்களின் வீட்டு ஆட்டமாகத் தொடங்கி இணையத்தில் பெரும்புகழ் பெற்ற ‘கிரிட்டிகல் ரோல்’ ஆட்டத்தை அப்போது நடத்திவந்தவர் அவரே. அந்தக் கணினி விளையாட்டில் மின்ஸ்க்கைச் சந்தித்துத் தம் மேசைக்கு அழைத்துவரும் இளைஞரிடம், ‘சொந்தமாக ஒருவனைப் படைக்கக்கூடாதா?’ என்று கேட்பவர்கள் டோஃபரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பது அரிது.