குடிநீர்க் கணக்கில் விடுபட்ட மலை

கல்வராயன் மலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் சமவெளிக்கு இறங்குகிறது. கச்சிராயப்பாளையத்துக்கு அருகே 46 அடி அணையில் கோமுகி தேங்குகிறது. மணிமுக்தா அணையின் உயரம் 36 அடி. இரண்டுமே பாசனத்துக்காகக் கட்டப்பட்டவை. ஆனால் ஆற்றுப்படுகையில் ஊறும் நீர்தான் கரையோர ஊர்களின் கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் உயிரோடு வைத்திருக்கிறது. மலைமேல் வெள்ளிமலை ஓர் ஊராட்சி, கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம். கீழே கள்ளக்குறிச்சி ஒரு நகராட்சி, 2019 நவம்பர் 26 முதல் மாவட்டத் தலைநகர். நீரோட்டம் இவ்விரண்டையும் இணைத்தாலும், குடிநீர் பற்றிய சட்டங்களும் அறிக்கைகளும் ஒரு நூற்றாண்டாக இவற்றைத் தனித்தனி ஏடுகளிலேயே எழுதிவந்திருக்கின்றன.

அந்த ஏடுகளில் பழையது 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். ஊர் மக்களுக்குப் போதிய குடிநீர் வழங்குவது நகர்மன்றத்தின் கடமை என்று அது சொன்னது. கூடவே, கையிலுள்ள நிதி இடம்கொடுக்கும் அளவுக்கு என்ற வரம்பையும் வைத்தது. நகராட்சிகள் ஆண்டுதோறும் நிர்வாக அறிக்கை அனுப்பின. அவை மேலே இருந்த அரசுக்கு எழுதப்பட்டவை. குழாயடியில் குடத்தோடு நின்றவருக்கு அவற்றில் இடமில்லை.

1971 ஏப்ரல் 14 அன்று தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் செயல்படத் தொடங்கியது. சென்னை நீங்கலாக மாநிலம் முழுதும் அதன் பொறுப்பில் வந்தது. கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பெருகப் பெருக, தொலைவிலுள்ள ஆற்றிலிருந்து நீரேற்றி ஊர் எல்லையில் ஒப்படைப்பது வாரியத்தின் வேலை, தெருக்களுக்குப் பிரித்து விடுவது உள்ளாட்சியின் வேலை என்றானது. இதனால் எட்டாத ஊர்களுக்கும் தண்ணீர் எட்டியது; அது பெரிய சாதனை. ஆனால் தன் நீர் எங்கிருந்து வருகிறது, அந்த ஊற்றுக்கண் எப்படி இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் நகராட்சிகளை விட்டு மெல்ல நீங்கியது.

அப்போது வெள்ளிமலை எந்த ஏட்டிலும் இல்லை. கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் வரியும் கட்டி, கூலியில்லா உழைப்பும் தந்தார்கள். வாரியம் தொடங்கி ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால், பிற மாநிலங்களின் பழங்குடிக் கிராம சபைகளுக்குக் கிடைத்த தனி அதிகாரமும் இங்கே வரவில்லை.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் குடிநீர் வழங்கலை நகர உள்ளாட்சிகளுக்குரிய பணிகளின் பட்டியலில் சேர்த்தது. அளவுகோல் வருவதற்கு மேலும் 15 ஆண்டுகள் ஆயின. 2008இல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் சேவைத்தர அளவீடுகளை வெளியிட்டது. எத்தனை வீடுகளுக்கு இணைப்பு, தலைக்கு எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம், கசிவும் திருட்டுமாகப் போவது எவ்வளவு, கட்டணம் எவ்வளவு வசூலாகிறது எனக் குடிநீருக்கு மட்டும் ஒன்பது கேள்விகள். இலக்குகளும் துணிச்சலானவை: தலைக்கு 135 லிட்டர், 24 மணி நேர வழங்கல், வருவாய் தராத நீர் 20 விழுக்காட்டுக்குள். 13ஆவது நிதிக் குழு இதில் பணத்தையும் கோத்தது. வரும் நிதியாண்டுக்கான இலக்குகளை மார்ச் முடிவதற்குள் அரசிதழில் வெளியிடுவது செயல்திறன் மானியத்துக்கான நிபந்தனைகளில் ஒன்றாயிற்று.

மானியத்துக்காக நிரப்பப்படும் படிவம் மானியம் கேட்பதற்கு மட்டுமே பதில் சொல்லும். ஒன்பது கேள்விகளும் குழாயைப் பற்றியவை. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தால் ஊர் என்ன குடிக்கும் என்று அவற்றுள் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியையே சட்டத்தின் நடுவில் வைத்தது கலிபோர்னியா. 1976-77 வறட்சியில் அடிபட்ட அந்த மாநிலம் 1983இல் நகர நீர் மேலாண்மைத் திட்டச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 3,000 வாடிக்கையாளர்களுக்கு மேல் உள்ள ஒவ்வொரு வழங்குநரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டம் எழுத வேண்டும். இயல்பான ஆண்டு, ஒரு வறண்ட ஆண்டு, தொடர்ந்து வறண்ட ஆண்டுகள் என ஒவ்வொன்றிலும் நீர் போதுமா என்று கணக்குக் காட்ட வேண்டும். இப்போது ஆண்டுதோறும் வரவையும் தேவையையும் மதிப்பிட்டு அனுப்பும் கடமையும் சேர்ந்திருக்கிறது.

இந்தியாவில் அதற்கு அருகே வருவது 2021 அக்டோபர் 1 அன்று தொடங்கிய மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டமான அம்ருத் 2.0. 2015இல் தொடங்கிய முதல் அம்ருத் 500 நகரங்களோடு நின்றது. இரண்டாவது எல்லாச் சட்டபூர்வ நகரங்களுக்கும் விரிந்து, நகர நீர்ச் சமநிலைத் திட்டம் ஒன்றையும் கேட்டது. நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, கழிவுநீரில் எவ்வளவு மீள்கிறது என்ற வரிகள் உள்ளாட்சியின் படிவத்தில் ஏறியது வரவேற்கத்தக்க திருப்பம். ஆனால் அதன் அலகு நகரம். நீர்ப்பிடிப்பு மலை அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது.

வெள்ளிமலைக்குரிய ஏடு வேறு: 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட, கிராமப்புறக் குடிநீருக்கான ஜல் ஜீவன் இயக்கம். அதில் தலைக்கு 55 லிட்டர். கிராமமே தன் செயல்திட்டத்தை வகுக்கிறது. ஊர்ப் பெண்கள் ஐவர் சோதனைப் பெட்டியால் நீரைப் பரிசோதிக்கப் பயிற்சி பெறுகிறார்கள். ஊற்றின் நிலையை நேரில் காண்பவர்கள் கையிலேயே கணக்கும் இருப்பதால், சில வகையில் நகர அறிக்கையைவிட இது மக்களுக்கு நெருக்கமானது. ஆயினும் மழை பிடித்துக் கொடுக்கும் மலைவாசிக்கு 55 லிட்டர், கீழே நகரவாசிக்கு 135 லிட்டர் என்ற இலக்கு வேறுபாட்டை இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உணர முடியும்.

இணைப்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. வெள்ளிமலை போன்ற மலை ஊராட்சிகள் அன்று தம் ஊற்று, ஓடை, கிணறுகளின் நிலையைப் பதிவு செய்து, அந்தப் பதிவு கள்ளக்குறிச்சியின் நீர்ச் சமநிலைத் திட்டத்தில் ஓர் இணைப்பாகச் சேரலாம். கோமுகி, மணிமுக்தா அணைகளின் நீர்மட்டத்தை நீர்வளத் துறை ஏற்கெனவே குறித்துவருகிறது. இந்த மூன்றையும் ஒரே அறிக்கையில் கேட்கும் ஓர் அரசாணை போதும்.