மாமாவின் கேசட்

கச்சாலில் உப்புக்காற்றுக்குத் தப்பும் பொருள் குறைவு. இரும்பு துருப்பிடிக்கும், துணியில் பூஞ்சை ஏறும். வங்கி வேலையில் மாற்றலாகி இந்தத் தீவுக்கு வந்தபோது முப்பத்தைந்து வருடப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார் :-)

அது மாமா வாங்கியது. 1982ல் பிரிட்டனில் சின்க்ளேர் கம்பெனி 'இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்' என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை வெளியிட்டது. டிவிதான் திரை, டேப் ரெக்கார்டர்தான் சேமிப்பு. நம் நாட்டில் 1984-85ல் அரசின் 'கிளாஸ்' திட்டம் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கொடுத்தது. என் பள்ளி அதில் இல்லை. டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று இங்கே விற்ற 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்'தான் எனக்கு வாசல். நினைவகம் 48 கேபி. இன்றைய கைப்பேசி போட்டோ ஒன்றுகூட அதில் அடங்காது.

இப்போது அது எப்படி ஓடுகிறது என்கிறீர்களா? டிவி ஒயருக்குப் பதிலாக நண்பர் ஒருவர் காம்போசிட் இணைப்பு பற்றவைத்துக் கொடுத்தார். அடாப்டர் 9 வோல்ட், நடுமுள் நெகட்டிவ். மாற்றிச் செருகினால் கதை முடிந்தது. டேப் ரெக்கார்டர் வேலையைக் கைப்பேசி பார்க்கிறது! புரோகிராம் கேசட்டில் இருப்பது வெறும் சத்தம்தானே. அதை ஆடியோ ஃபைலாக்கி, ஹெட்போன் ஒயரை 'இயர்' துளையில் செருகி, வால்யூமை ஏற்றினால் போதும். ஃப்ளைட் மோட் அவசியம். நடுவில் ஒரு மெசேஜ் 'டிங்' என்றால் 'டேப் லோடிங் எரர்'தான்.

மாமா இப்போது இல்லை. அவர் கையெழுத்தில் 'வட்டி' என்று எழுதிய கேசட் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. துடைத்து, டேப் ஹெட்டின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பல தடவை ஓட்டிய பிறகுதான் முழுசாகப் பதிவானது.

போன ஞாயிறு லோடு செய்தேன். ஆங்கில எழுத்தில் 'அசல்?' என்று கேட்டது. அடுத்து 'வட்டி?', 'மாதம்?'. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வட்டிக்கணக்கு புரிய மாமா எழுதியது. பி.காம். பக்கம் என்னைத் தள்ளியதும் அதுதான்.

2004 சுனாமியில் பலரைப் பறிகொடுத்த தீவு இது. ஆளும் போய், நினைவாக ஒரு போட்டோகூட மிஞ்சாத வீடுகள் உண்டு. மாமாவின் சத்தத்தை மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டேன். உங்கள் பரணில் பழைய கேசட் இருந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.