காலா கோடாவில் குதிரை எங்கே?

பம்பாயில் கோட்டைப் பகுதியில் வேலை பார்த்தவர்களுக்குக் காலா கோடா என்ற இடம் தெரியாமல் இருக்காது. கறுப்புக் குதிரை என்று அர்த்தம். 1973-ல் நான் மாற்றலாகிப் போன புதிதில் அங்கே இறங்கிச் சுற்றும் முற்றும் பார்த்தேன். கார்கள் வரிசையாக நின்றன. குதிரையைக் காணோம்.

அது 1965-லேயே போய்விட்டது என்று ஆபீஸில் சொன்னார்கள். வெள்ளைக்காரர் சிலைகளையெல்லாம் நடுத்தெருவிலிருந்து எடுத்த சமயம் அது. வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் 1875-76ல் இந்தியா வந்துபோனதன் ஞாபகமாக, அவர் குதிரைமேல் உட்கார்ந்திருப்பது போன்ற வெண்கலச் சிலை 1879-ல் வைக்கப்பட்டது. ஜனங்கள் இளவரசரை விட்டுவிட்டார்கள். குதிரையின் பெயர்தான் இடத்துக்கு நின்றது. சிலையைக் கொடுத்தவர் பெயரோ யாருக்கும் ஞாபகமில்லை. அவர் ஆல்பர்ட் சசூன், பாக்தாத் யூதர். இயற்பெயர் அப்துல்லா!

அவருடைய தகப்பனார் டேவிட் சசூன் பாக்தாத்திலிருந்து தப்பி, பாரசீகம் வழியாக 1830களில் பம்பாய்க்கு வந்தவர். காலா கோடாவில் அவர் பெயரில் உள்ள நூலகம்தான் எனக்கு மிகவும் நெருக்கம். அரசாங்க டங்கசாலையிலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்த்த இளைஞர்கள் 1847-ல் தொடங்கிய சங்கம் அது. டேவிட் சசூன் 60,000 ரூபாய் கொடுத்தார். 1870-ல் கட்டடம் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. மாடித் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலிகள், பின்னால் மரநிழலோடு சின்னத் தோட்டம். மதியம் டிபன் டப்பாவைக் காலி செய்துவிட்டு அந்த நாற்காலியில் பத்து நிமிஷம் கண்ணயர்ந்த சுகம் இன்னும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளைப் பைகுல்லா ராணி பாக்குக்கு அழைத்துப் போவோம். இப்போது ஜிஜாமாதா உத்யான். யானை, குரங்கு பார்க்கத்தான் போனோம். அங்கேதான் காணாமல் போன குதிரையும் நின்றது, இளவரசரோடு. அந்தத் தோட்டத்து மணிக்கூண்டும் சசூன் பெயரில்தான். பக்கத்து மியூசியத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் ஜகந்நாத் சங்கர்சேட்டோடு டேவிட் சசூனும் உண்டு.

இவ்வளவு பணம் எப்படி வந்தது? சீனாவுக்கு அபின் ஏற்றியதில் பெரும்பங்கு வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தியிலும் கொழித்தது. அபினில் அழிந்த குடும்பங்களை நினைத்தால் அந்தச் சாய்வு நாற்காலி கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. தர்மம் செய்ததால் கணக்கு நேராகிவிட்டது என்று எனக்குச் சொல்ல வரவில்லை. ஆனால் அதே வியாபாரத்தில் சம்பாதித்த பலர் ஊருக்கு ஒரு செங்கல்கூட வைக்காமல் போனார்கள் என்பதும் உண்மை. சசூன் குடும்பத்தின் முக்கியமானவர்கள் பிறகு இங்கிலாந்தில் குடியேறினார்கள்.

இன்னொரு வகை யூதர்களும் பம்பாயில் இருந்தார்கள். கொங்கணக் கரையில் செக்காட்டிய பெனே இஸ்ரேல் மக்கள். சனிக்கிழமை செக்கு ஓடாது, அதனால் ஊரார் அவர்களைச் சனிவார் தேலி, அதாவது சனிக்கிழமை வாணியர் என்பார்கள். வீட்டில் மராத்தி பேசியவர்கள். சசூன்களின் செல்வம் அவர்களுக்குக் கிடையாது. அந்தச் சமூகத்து டாக்டர் ஈ. மோசஸ் 1937-ல் பம்பாய் மேயரானார். என் கண்ணுக்கு இது மணிக்கூண்டைவிடப் பெரிய விஷயம். கொடையாளியாக வருவது ஒன்று, ஊர்க்காரராக நாற்காலியில் உட்காருவது வேறு.

1948-க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். காலா கோடாவில் 2017-ல் புதுக் குதிரை வைத்துவிட்டார்கள், மேலே ஆள் இல்லாமல். மகாலட்சுமிப் பக்கம் டாக்டர் ஈ. மோசஸ் ரோடு இன்னும் இருக்கிறது. அங்கே குடியிருந்த நம்மவர் ஒருவரிடம் யார் இந்த மோசஸ் என்று ஒருமுறை கேட்டேன்.

"யாரோ வெள்ளைக்கார டாக்டர் சார்" என்றார்.